பைக் ஓட்ட எந்த இயர் பிளக்? 29, 33, 37 எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

கேள்வி: 12 ஆகஸ்ட் 2024

அண்ணன்மாரே, போன வருஷம் ஒரு 350 சிசி எடுத்தேன். வேலை பெங்களூர்ல, வீடு திருப்பத்தூர்ல. மாசத்துல ரெண்டு தடவையாவது ஓசூர், கிருஷ்ணகிரி வழியா ஊருக்குப் போறேன். போய்ச் சேர்ந்து ஹெல்மெட்டைக் கழட்டினா ராத்திரி தூங்குறவரைக்கும் காதுக்குள்ள ஙொய்ய்ங்னு சத்தம். ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட்தான். பஞ்சு வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் மாறல. இயர் பிளக் தேடினா 29, 33, 37னு எண் போட்டிருக்கு. 37தானே நல்லது? வீட்ல வேற, "காதை அடைச்சிட்டு ஓட்டுவியா, பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சா எப்படிக் கேக்கும்"னு சத்தம் போடுறாங்க. எதை வாங்கலாம்னு சொல்லுங்க.

12 ஆகஸ்ட், இரவு

தம்பி, பிளக் பேச்சு அப்புறம். அந்த ஙொய்ங்கை முதல்ல கவனிங்க. அது களைப்பு இல்ல, காது அடிபட்டதுக்கு அடையாளம். உள்காதுல, நத்தைச்சுருளுக்குள்ள, மெல்லிய முடி வச்ச செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கு. பிறக்கும்போது வர்றதுதான், செத்தா திரும்ப முளைக்காது. பலத்த சத்தத்துல அதெல்லாம் சோர்ந்து போகுது. ஒரு நாள் ஓய்வுல பெரும்பாலும் தேறிடும். திரும்பத் திரும்ப அடி வாங்கினா தேறாது.

நான் பெங்களூர் பீன்யாவுல, இரும்புத் தகட்டை மெஷின்ல அழுத்தி உருக்கொடுக்கிற பிரஸ் ஷாப்ல வேலை செய்யறவன். சத்தம், பிளக், வருஷா வருஷம் காது டெஸ்ட், இதெல்லாம் எங்களுக்கு அன்றாடம். லீவுக்கு சேலம் போறதும் பைக்லதான். அதனால ரெண்டு பக்கமும் தெரிஞ்சு சொல்றேன்: 100 கி.மீ. வேகத்துல ஹெல்மெட்டுக்குள்ள கேக்குற சத்தம் பல பிரஸ் ஷாப் சத்தத்துக்குக் கொறஞ்சது இல்ல.

அது எஞ்சின் சத்தமும் இல்ல, சைலன்சர் சத்தமும் இல்ல. 60, 70ஐத் தாண்டினதும் காத்திரைச்சல் மத்த எல்லாத்தையும் அமுக்கிடும். ஹெல்மெட்டோட கீழ் விளிம்புல, தாடைக்கட்டைக்கு அடியில, காத்து சுழிச்சு அடிக்குது. ஹெல்மெட் மண்டையைக் காக்கச் செஞ்சது, கழுத்துப் பக்கம் திறந்துதான் இருக்கும். விலை உயர்ந்த ஹெல்மெட் கொஞ்சம் குறைக்கும், நிறுத்தாது. சத்தத்தை அளக்கிற அலகு டெசிபல். பொதுவா 100 கி.மீ.ல காதுகிட்ட 95 டெசிபலுக்கு மேல வரும், 120ல 100ஐத் தாண்டும். 3 டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி ரெண்டு மடங்கு, 10 கூடினா பத்து மடங்கு. 95ஐ விட 100 கொஞ்சம்தான் ஜாஸ்தின்னு நினைக்க வேண்டாம்.

பஞ்சு பத்தி: பஞ்சுல காத்து தாராளமா புகுந்து வரும், சத்தமும் வரும். காதை அடைச்ச மாதிரி தோணுறதே அதோட கெடுதல்.

13 ஆகஸ்ட்

எண் விஷயம். இதை விரிவா சொல்லியே ஆகணும், ஏன்னா எல்லாரும் இங்கதான் காசைக் கொட்டுறாங்க.

பிளக் எத்தனை டெசிபல் குறைக்கும்னு காட்ட அட்டைப்பெட்டியில ரெண்டு வகை எண் வரும். என்.ஆர்.ஆர். அமெரிக்காவோடது, எஸ்.என்.ஆர். ஐரோப்பாவோடது. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஒப்பிடவே கூடாது. 3எம் 1100னு ஆரஞ்சு கலர் ஃபோம் பிளக், நம்ம ஊர் ஃபேக்டரிகள்ல சாதாரணமா கிடைக்கிறது. அமெரிக்க எண் 29, ஐரோப்பிய எண் 37. பிளக் ஒண்ணுதான். தம்பி பார்த்த 29ம் 37ம் ஒரே சாமானா இருக்கலாம்.

இன்னொண்ணு, மஞ்சள் கலர்ல உருளையா வரும், ஈ.ஏ.ஆர். கிளாசிக். அதோட அமெரிக்க எண்ணும் 29. ஐரோப்பிய எண் 28. ஆக, ஒரு கணக்குல ரெண்டும் சமம், இன்னொரு கணக்குல 9 வித்தியாசம். காரணம், சோதிக்கிற முறையே வேற. என்.ஆர்.ஆர். கணக்கு 1974ல வந்த சோதனை முறையை வச்சுது. அதுல பிளக்கை சோதனை நடத்துறவரே ஆளோட காதுல பக்குவமா செருகிவிடலாம். நம்ம அட்டிபெலே டோல் ஓரத்துல, கிளவுஸைக் கழட்டி, பின்னாடி பஸ் ஹாரன் அடிக்க அவசரமா செருகுறோமே, அந்த நிலைமை அந்த எண்ணுல கிடையாது.

அதனால ஃபேக்டரி சேஃப்டிக்காரங்க அமெரிக்க எண்ணுல 7ஐக் கழிச்சுப் பாதியாக்கிக்குவாங்க. 29ல 7 போனா 22, பாதி 11. 100 டெசிபல் காத்துல போனா காதுக்கு 89. நல்லா செருகினவனுக்கு 25க்கு மேலயும் குறையும், அரைகுறையா செருகினவனுக்கு 5 கூடக் குறையாது. 29, 32, 33க்கு நடுவுல இருக்கிற வித்தியாசம், செருகுற விதத்துல வர்ற வித்தியாசத்துக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

இந்த இழையில நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் இதைச் சுத்தித்தான் வரும்.

14 ஆகஸ்ட்

செருகுறது எப்படின்னு ரெண்டு பேர் கேட்டிருக்கீங்க.

கையைக் கழுவுங்க, இல்லன்னா துடைங்க. செயின் லூப் தொட்ட விரலோட ஃபோமை உருட்டினா அந்த அழுக்கு நேரா காதுக்குள்ள போகும். பிளக்கை மூணு விரலுக்கு நடுவுல வச்சு, அழுத்தாம உருட்ட ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தம் கூட்டுங்க. எடுத்ததும் நசுக்கினா மடிப்பு விழும், அந்த மடிப்பு வழியா சத்தம் ஓடும். அகர்பத்தி தடிமனுக்கு, மடிப்பே இல்லாம வரணும்.

வலது காதுன்னா இடது கையைத் தலைக்கு மேல கொண்டுவந்து, காது மடலோட உச்சியைப் பிடிச்சு மேலயும் பின்னாலயும் இழுங்க. காதுக்குழாய் நேரா கிடையாது, வளைஞ்சு இருக்கு. மடலை இழுத்தாத்தான் நேராகும். இழுத்துப் பிடிச்சபடியே வலது கையால பிளக்கை உள்ள விட்டு, விரல் நுனியால 30 செகண்ட் பிடிச்சிருங்க. ஃபோம் விரியறது காதுக்குள்ள கேக்கும். சரசரன்னு ஆரம்பிச்சு, வெளிச்சத்தம் மெல்ல மெல்லத் தூரமாப் போகும். அந்த 30 செகண்டை யாரும் பொறுத்துக்கிறதில்ல. விரலை உடனே எடுத்தா பிளக் விரியும்போதே தன்னை வெளிய தள்ளிக்கும்.

சரியா இருக்கான்னு பார்க்க மூணு வழி. ஃபோன் கேமராவுல முகத்தை நேரா பாருங்க: பிளக்கோட பின்பக்கம் ரெண்டு காதுலயும் துருத்தித் தெரிஞ்சா உள்ள போகல. ரெண்டு உள்ளங்கையையும் குவிச்சுக் காதை மூடி எடுங்க: மூடும்போது வெளிச்சத்தம் நல்லாக் குறைஞ்சா ஓட்டை இருக்குன்னு அர்த்தம், மாத்தமே தெரியலன்னா பிளக் சரி. வாயை மூடி "ம்ம்ம்"னு முனகுங்க: ரெண்டு காதுலயும் சமமா, தலைக்கு நடுவுல கேக்கணும். ஒரு பக்கம் இழுத்தா ரெண்டுல ஒரு பிளக் சரியா உக்காரல, ரெண்டையும் எடுத்துத் திரும்பப் போடுங்க.

அப்புறம் ஹெல்மெட். சரியா செருகின பிளக்கை ஹெல்மெட் போடும்போது இழுத்துவிட்டுடறோம். நாடாவைப் பிடிச்சு ரெண்டு பக்கமும் நல்லா விரிச்சு, முன்பக்கத்தை முதல்ல இறக்குங்க. மெல்லிசான பாலகிளாவா, அதாவது ஹெல்மெட்டுக்குள்ள தலையை மூடிப் போடற துணி, போட்டா காது மடல் மடங்காது, பிளக்கும் அசையாது.

15 ஆகஸ்ட்

முந்தாநாள் எழுதினதோட சேர்த்துப் படிக்கணும். அரைகுறையா செருகினா வெறுமனே "கொஞ்சம் குறைவா" வேலை செய்யும்னு நினைச்சுக்காதீங்க. தப்பான சத்தத்தைக் குறைக்கும். ஓட்டை இருக்கிற பிளக்குல முதல்ல உள்ள வர்றது தாழ்ந்த, உறுமுற சத்தம். கீச்சுன்னு வர்ற மேல்சத்தம் அப்பவும் ஓரளவு மங்கிடும். தெருமுனையில திருவிழா ஸ்பீக்கர் ஓடும்போது வீட்டுக் கதவைச் சாத்தினா பாட்டு மங்கி, தும் தும் மட்டும் உள்ள வருமே, அதேதான். காத்திரைச்சல் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பக்கத்துல இருக்கு. ஹாரன், விசில், பேச்சுல எழுத்து பிரியற ஒலி எல்லாம் மேல இருக்கு. அதனால பாதி செருகினவனுக்குக் காத்து அப்படியே அடிக்கும், ஹாரன் மட்டும் மங்கும். "பிளக் போட்டா ஹாரன் கேக்கல, ஆபத்து"ன்னு கழட்டிப் போட்ட பலபேரோட கதை இதுதான்னு நினைக்கிறேன்.

தம்பி வீட்ல கேட்ட கேள்விக்கும் இதுலயே பதில் இருக்கு. 100 கி.மீ.ல காத்து 100 டெசிபல், லாரி ஹாரன் உங்க காதுக்கு வரும்போது 105னு வச்சுக்குவோம். சரியா போட்ட பிளக் 20ஐ எடுத்துச்சுன்னா காத்து 80, ஹாரன் 85. அஞ்சு வித்தியாசம் அப்படியே நிக்குது, ஹாரன் காத்துக்கு மேலதான் கேக்கும். ரொம்பப் பலத்த சத்தத்துல காதே கலங்கிப் போய் பிரிச்சுக் கேக்க முடியாம திணறும். அளவைக் குறைச்சதும் தெளிவாகும். பிரஸ் ஷாப்ல பழகினவங்க பிளக் போட்டுக்கிட்டே பக்கத்துல நிக்கிறவன் பேசுறதைப் புரிஞ்சுக்குவாங்க.

ஒரு உண்மையையும் மறைக்கக்கூடாது. ஃபோம் எவ்வளவு நல்லா போட்டாலும் மேல்சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் எடுக்கும். ஆம்புலன்ஸ் சைரன் கேக்கும், ஆனா எந்தப் பக்கத்துலேர்ந்துன்னு கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். அதனால பிளக் போட்டா கண்ணாடி பார்க்கிறதைக் கூட்டணும். இதை வீட்ல சொல்லுங்க. அவங்க பயம் நியாயமானது.

18 ஆகஸ்ட்

பொம்மசந்திராவுலேர்ந்து ஒருத்தர்: "எங்க ஃபேக்டரி போர்டுல 100 டெசிபல்ல 2 மணி நேரம் நிக்கலாம்னு இருக்கே. கிருஷ்ணகிரி போக 2 மணி நேரம்தானே ஆகும்? அப்புறம் எதுக்குப் பிளக்?"

போர்டு சரிதான். நம்ம நாட்டு ஃபேக்டரி விதி 90 டெசிபல்ல 8 மணி நேரம்னு ஆரம்பிச்சு, 5 டெசிபல் கூடக் கூட நேரத்தைப் பாதியாக்கும். 95ல 4, 100ல 2. அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வு நிறுவனமான நையாஷ் 1998ல சொன்னது வேற கணக்கு: 85ல 8 மணி நேரம், 3 டெசிபலுக்கு ஒரு பாதி. 88ல 4, 91ல 2, 94ல 1, 97ல அரை மணி, 100ல 15 நிமிஷம். 2 மணி நேரம் எங்க, 15 நிமிஷம் எங்க!

எதை நம்புறது? 3 டெசிபல்னா சக்தி ரெண்டு மடங்கு, அதனால நேரம் பாதி. அந்தக் கணக்கு இயற்கையோட ஒத்துப்போகுது. 5 டெசிபல் கணக்கு, சத்தம் விட்டு விட்டு வரும், இடையில காதுக்கு ஓய்வு கிடைக்கும்னு நினைச்சு வச்சது. ஹைவேல காத்துக்கு டீ பிரேக் கிடையாது. அதோட விதி வந்து "இதுக்கு மேல போனா முதலாளி மேல கேஸ்"னு சொல்ற கோடு, காது பத்திரமா இருக்கும்னு உத்தரவாதம் தர்ற கோடு இல்ல. நான் 85ஐத்தான் வச்சுக்கிறேன். 11 டெசிபல் மட்டுமே குறைஞ்சாலும் 100, 89 ஆகி சுமார் 3 மணி நேரம் கிடைக்கும். சேலம் போக அது போதாது, அதனாலதான் நல்லா செருகணும்னு இவ்வளவு கத்தறேன்.

25 ஆகஸ்ட்

ஊருக்குள்ள போடலாமா? என் பழக்கம்: போடமாட்டேன். சில்க் போர்டு சிக்னல்லேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டிவரைக்கும் 20, 25ல ஊர்ந்து போறப்ப காத்திரைச்சலே கிடையாது. பக்கவாட்டுல நுழையற ஸ்கூட்டர், காலடிச் சத்தம், ஆட்டோக்காரர் சொல்றது எல்லாம் ஏற்கனவே மெல்லிசு. 30 டெசிபல் பிளக் அதைக் கேக்காமலே பண்ணிடும். அட்டிபெலே தாண்டி ஓரமா நிறுத்தி, தண்ணி குடிச்சு, அப்ப போடுவேன்.

1 செப்டம்பர்

தங்கை ஒருத்தர் எழுதினது: "என் வீட்டுக்காரருக்கு நிக்குது, எனக்கு மட்டும் பத்து நிமிஷத்துல வெளிய வந்துடுது. பின்னாடி உக்கார்றவளுக்குத் தேவையா?"

தேவைதான். காத்து ஓட்டுறவரைத் தாண்டி நேரா உங்க ஹெல்மெட்ல சுழிச்சு அடிக்கும். சில வண்டியில பின்னாடி சத்தம் இன்னும் மோசம்.

வெளிய வர்றதுக்குக் காரணம் அளவு. ஃபோம் பிளக் எல்லாருக்கும் ஒரே அளவுன்னு விக்கிறாங்க, காதுக்குழாய் அப்படி இல்ல. பெண்கள் பலருக்கும் குழாய் சின்னது, சில ஆம்பளைங்களுக்கும்தான். பெரிய ஃபோம் சின்னக் குழாய்ல முழுசா உள்ள போகாது, வெளிய பாதி தொங்கி மெல்லத் தள்ளிக்கிட்டு வரும். ஹோவர்ட் லைட் மேக்ஸ்ல ஸ்மால்னு தனியா ஒரு அளவு இருக்கு. அதே கம்பெனியோட லேசர் லைட், இளஞ்சிவப்பும் மஞ்சளும் கலந்தது, விரியற அழுத்தம் குறைவு, காது வலிக்காது. மஞ்சள் உருளை பி.வி.சி. ஃபோம், கொஞ்சம் கெட்டி, ரெண்டு மணி நேரத்துல சின்னக் காதை வலிக்க வைக்கும். ஆரஞ்சு 1100 பாலியூரித்தேன், மெத்துன்னு இருக்கும்.

பெரிய டப்பா எதையும் முதல்ல வாங்காதீங்க. எஸ்.பி. ரோடு பக்கம் சேஃப்டி சாமான் விக்கிற கடைகள்ல ஒவ்வொரு வகையிலயும் ஒரு ஜோடி கேட்டு வாங்குங்க, பத்து இருபது ரூபாய்தான். வீட்ல ஹெல்மெட்டோட ஒரு மணி நேரம் போட்டு உக்காருங்க. எது உறுத்தலையோ அதை டப்பாவா வாங்குங்க. உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துறது உங்களுக்குப் பொருந்தணும்னு இல்ல. உங்க வலது காதுக்குப் பொருந்துறது இடது காதுக்குப் பொருந்தணும்னும் இல்ல.

8 செப்டம்பர்

சின்னக் குறிப்பு. ஃபேக்டரியில தர்ற நீலக் கயிறு வச்ச பிளக்கைப் பைக்குக்குப் போடாதீங்க. ஒரு சிக்னல்ல கான்ஸ்டபிள் கயிறைப் பார்த்துட்டு ஹெட்ஃபோன்னு நினைச்சு ஓரங்கட்டச் சொன்னார். கழட்டிக் கையில கொடுத்தேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது சவுண்டு பரல்லவா?"னு கேட்டார். வராது சார், குறைக்கும்னு சொன்னதும் அவரே நாள் முழுக்க சிக்னல்ல நிக்கிற கதையைச் சொல்ல ஆரம்பிச்சிட்டார். பையில இருந்த புது ஜோடி ஒண்ணைக் கொடுத்துட்டு வந்தேன். போலீஸ் ஒரு பக்கம் இருக்கட்டும், கயிறு ஹெல்மெட் நாடாவுல மாட்டி ஒரு பிளக்கை இழுத்துவிடும். கயிறில்லாததே நல்லது.

22 செப்டம்பர்

ப்ளூடூத் கேள்வி நிறைய வந்திருக்கு, ஒண்ணா சொல்லிடறேன். ஹெல்மெட் ஸ்பீக்கர் வச்சவங்களும் பிளக் போடலாம், போட்டே ஆகணும். பிளக் இல்லாம காத்தை மீறிப் பாட்டு கேக்கணும்னா ஸ்பீக்கரை 100க்கு மேல ஏத்தணும், காத்தும் பாட்டும் சேர்ந்து காதை அடிக்கும். பிளக் போட்டு, ஸ்பீக்கரைக் காதுத் துவாரத்துக்கு நேரா நகர்த்தி வச்சா வழி சொல்ற குரல் தெளிவாவே கேக்கும்.

இயர்போனையே பிளக்கா வச்சுக்கிறேன்னு சொல்றவங்க, அது பிளக் இல்ல. அடைக்கிறது கொஞ்சம், ஊத்துறது ஜாஸ்தி. சத்தம் குறைக்கிற வசதி இருக்கிற இயர்பட்ஸும் ஹெல்மெட் காத்துல திணறும், அதோட மைக்லயே காத்து அடிக்குது.

2 அக்டோபர்

ஆகஸ்ட் 25ல ஊருக்குள்ள போடமாட்டேன்னு எழுதினேன். அது என்னை மாதிரி ஒரு மணி நேரம் போய் வர்றவனுக்கு. நேத்து கேன்டீன் வாசல்ல சாப்பாடு கொண்டுவர்ற பையன்கிட்ட பேசினேன். தருமபுரிப் பையன். காலையில பத்துக்கு வண்டியில ஏறினா ராத்திரி பதினொண்ணு. அரை ஹெல்மெட், காது முழுக்க வெளிய. பஸ், தண்ணி லாரி, ஹாரன், எல்லாத்துக்கும் நடுவுல பதிமூணு மணி நேரம். மத்திய அரசோட 2000ம் வருஷ சத்த விதியில வணிகப் பகுதிக்குப் பகல்ல 65 டெசிபல்தான் அளவு. அவுட்டர் ரிங் ரோட்ல ஆபீஸ் விடுற நேரத்துல பஸ்சுக்குப் பக்கத்துல நின்னா 85 சுலபமா வரும். 85க்கு 8 மணி நேரம்தான்னு மேல எழுதியிருக்கேன். இந்தப் பையன்கள் தினம் அதைத் தாண்டுறாங்க.

இவங்களுக்கு 30 டெசிபல் ஃபோம் சரிப்படாது, கஸ்டமர் போன்ல பேசுறது, செக்யூரிட்டி சொல்றது எல்லாம் கேக்கணும். இங்கதான் ஃபில்டர் வச்ச சிலிக்கான் பிளக் உதவும். நடுவுல சின்ன ஓட்டையும் ஃபில்டரும் இருக்கும், எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய சமமா இறக்கும். பைக்குக்குன்னே வர்றது எஸ்.என்.ஆர். 17, 20 அளவுல கிடைக்குது. 17 ஊருக்குள்ள ஓட்டவும் தோது. ஆனா விலை ஆயிரத்தைத் தாண்டும், அந்தப் பையனுக்கு அது ரெண்டு நாள் சம்பாத்தியம். கடையில ரெண்டு மூணு அடுக்கு வச்ச சாதா சிலிக்கான் பிளக், கழுவித் திரும்பப் போடறது, நூறு ரூபாய்க்குள்ளயே கிடைக்கும். ஃபோம் அளவுக்கு அடைக்காது, இவங்களுக்கு அதுவே நல்லது. அதோட முழு ஹெல்மெட். ஆளெடுக்கிற கம்பெனிகள் பை, டீஷர்ட்டோட இதையும் கொடுக்கணும்னு எனக்குத் தோணுது. பிரஸ் ஷாப்ல கேக்காமலே கொடுக்கிறாங்களே, ரோட்ல வேலை செய்யறவன் காது மட்டும் என்ன கொறஞ்சு போச்சு?

6 அக்டோபர்

கொல்லிமலை போயிட்டு வந்த நண்பர்: ஏறும்போது சரி, 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கும்போது சிலிக்கான் பிளக் காதை உள்ள இழுக்கிற மாதிரி வலிச்சதாம். மேலேர்ந்து கீழ வரும்போது வெளிக்காத்தழுத்தம் கூடும், பிளக் இறுக்கமா அடைச்சிருந்தா நடுவுல அடைபட்ட காத்து சமமாகாது. எச்சில் விழுங்கினா செவிப்பறைக்கு உள்பக்கம் சரியாகும், பிளக் பக்கம் ஆகாது. ஒரு நிமிஷம் நிறுத்தி, லேசாத் திருகித் தளர்த்திட்டுத் திரும்பப் போடுங்க. ஃபில்டர் ஓட்டை இருக்கிறதுல இந்தத் தொல்லை குறைவு. மலைப்பாதையில வேகம் 30, 40தான், அங்க கழட்டிட்டா கூட நஷ்டமில்ல.

சிலிக்கானைக் கழட்டும்போது வெடுக்குனு இழுக்காதீங்க, செவிப்பறையை உறிஞ்சும். திருகிக்கிட்டே மெல்ல எடுங்க.

13 அக்டோபர்

ஆயுத பூஜைக்கு ஷாப்ல மெஷினெல்லாம் நிறுத்தி, சந்தனம் குங்குமம் வச்சு, பொரி கடலை கொடுத்தாங்க. ரிட்டயர் ஆன பெரியவர் ஒருத்தரும் வந்திருந்தார். எங்களுக்கெல்லாம் தொழில் கத்துக்கொடுத்தவர். அவர் காலத்துல பிளக் கிடையாது. மெஷின் ஓடாத அந்த அமைதியில நான் பக்கத்துல நின்னு பேசறேன், அவர் என் வாயையே பார்க்கிறார். சத்தம் கேக்குது, சொல்லு பிரியல. பேத்தி பேசினா சுத்தமா புரியலைன்னு சொன்னார். குழந்தைக் குரல் கீச்சுக் குரல், அந்தப் பக்கம்தான் முதல்ல போகும்.

சத்தத்தால கெட்ட காதை டெஸ்ட் பண்ணினா தாளுல 4000 ஹெர்ட்ஸ்னு கீச்சுச் சத்தம் இருக்கிற இடத்துகிட்ட கோடு பள்ளமா இறங்கி, 8000ல கொஞ்சம் ஏறும். பல நாள் அவருக்கே தெரியாம இருந்திருக்கு. ஏன்னா பேச்சோட தாழ்ந்த பாகம் கேட்டுக்கிட்டே இருக்கும், கேக்குதுன்னே நினைச்சுக்குவோம். அதனால நீண்ட தூரம் ஓட்டுறவங்க இப்பவே ஒரு தடவை ஆடியோமெட்ரிங்கிற இந்தக் காது டெஸ்டை எடுத்து அந்தத் தாளைப் பத்திரமா வைங்க, பின்னாடி ஒப்பிட உதவும். மைசூர்ல அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனமே இருக்கு, மானசகங்கோத்ரி பக்கம். பெங்களூர்லயும் ஆடியோமெட்ரி எடுக்கிற இடங்களுக்குக் குறைவில்ல.

ஓட்டிட்டு வந்த உடனே டெஸ்ட்டுக்குப் போகாதீங்க, அன்னிக்கு காது தற்காலிகமா மந்தமா காட்டும். ஒரு நாளாவது சத்தமில்லாம இருந்துட்டுப் போங்க.

20 அக்டோபர்

சிலர் மேல எழுதியிருக்கிறதுக்கு மறுப்பு, சுருக்கமா.

தேங்காய் எண்ணெய் தடவிப் போட்டா சுலபமா போகும்: போகும், அதே சுலபத்துல வெளிய வரும், ஃபோமும் கெடும்.

நீச்சலுக்கு வைக்கிற மெழுகு மாதிரி சிலிக்கான்: அது காது வாசலை மூடுறது, ஹெல்மெட் ஏத்தி இறக்கும்போது பிய்ஞ்சு போகும்.

ஒரே ஃபோமை மாசக்கணக்குல போடலாம்: வேண்டாம். அழுக்காகும், விரியற குணம் குறையும். உருட்டிவிட்டா நிதானமா விரியணும், சட்டுன்னு விரிஞ்சாலோ மடங்கியே கிடந்தாலோ தூக்கிப் போடுங்க. நடுவுல வைக்க ஒரு மாத்திரை டப்பா போதும், ஜாக்கெட் பாக்கெட்ல சும்மா போடாதீங்க.

காதுல சீழ் வடியறவங்க, செவிப்பறை ஓட்டை இருக்கிறவங்க, குரும்பி அடைச்சவங்க: டாக்டரைப் பார்க்காம எந்தப் பிளக்கும் போடக்கூடாது. குரும்பியை உள்ள தள்ளிக் கெட்டியாக்கிடும்.

விண்ட்ஷீல்டு வச்சா சத்தம் குறையும்: சிலருக்குக் குறையும், சிலருக்குக் கூடும். கண்ணாடி உச்சியிலேர்ந்து சுழியற காத்து சரியா ஹெல்மெட் மேல விழுந்தா அது இல்லாமலே மேல். வெறிச்சோடின நேர் ரோட்ல, அளவான வேகத்துல, முதுகை நிமிர்த்தித் தலையைக் கொஞ்சம் உயர்த்தினா சத்தம் சட்டுன்னு மாறுதான்னு பாருங்க. மாறினா கண்ணாடி உயரம்தான் பிரச்சினை.

3 நவம்பர்

தீபாவளிக்கு திருப்பத்தூர் போயிட்டு வந்த தம்பி எழுதியிருக்கார்: ஆரஞ்சு 1100 போட்டாராம், ஓசூர் தாண்டி ரெண்டாவது முயற்சியில சரியா உக்காந்துச்சாம். ராத்திரி ஙொய்ங் இல்ல. லாரி ஹாரன் எல்லாம் கேட்டுச்சு, "எஞ்சின் சத்தம் இப்பதான் தனியாத் தெரியுது"ன்னு எழுதியிருக்கார். அப்பாவுக்கும் ஒரு ஜோடி கொடுத்து வெடிச்சத்தத்துக்குப் போடச் சொன்னாராம். நல்ல காரியம். வெடிக்கு நம்ம ஊர் விதியே 4 மீட்டர் தூரத்துல 125 டெசிபல்வரைக்கும் விடுது.

அவரோட அடுத்த கேள்வி: காதுக்கு அச்செடுத்துச் செய்யற பிளக் வாங்கலாமா? மாசாமாசம் போறவங்களுக்கு வாங்கலாம். பெரிய நன்மை, ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி உக்காரும். ஃபோம்ல திறமையா செய்யற வேலையை இதுல அச்சு செஞ்சுடும். எண் ஃபோமை விடக் குறைவா இருந்தாலும் கவலை வேண்டாம், காரணம் ஆகஸ்ட் 13ல இருக்கு. காதுகேள் கருவி விக்கிற இடங்கள்ல அச்செடுக்கிறாங்க. முதல்ல காதுக்குள்ள பார்த்து, செவிப்பறைக்கு முன்னாடி சின்னப் பஞ்சுத் தடுப்பு வச்சு, அப்புறம்தான் குழம்பை ஊத்தணும். தடுப்பு வைக்காம ஊத்த வந்தா எழுந்து வந்துடுங்க. உங்க ஹெல்மெட்டையும் எடுத்துட்டுப் போங்க. வெளிப்பக்கம் காது மடலோட குழிக்குள்ள அடங்கணும், துருத்தினா ஹெல்மெட் பஞ்சு அழுத்தி அரை மணி நேரத்துல வலி வந்துடும். "பைக்குக்கு, ஹெல்மெட் உள்ள போடறதுக்கு"ன்னு அளவெடுக்கும்போதே சொல்லிடுங்க, செஞ்சு வந்தப்புறம் சீவிக் குறைச்சா அடைப்பு போயிடும்.